காரணம்: மழை

வேப்பமூட்டில் நாலு கம்பம், நாலு கேமரா.
அவை பார்ப்பதெல்லாம் இரண்டாம் மாடியில்
என் திரையில் வந்து விழும்.
சாலையைக் கை என்று சொல்லும் இந்த மெஷின்:
கை ஒன்று மணிமேடை, கை இரண்டு செட்டிகுளம்,
விருந்தினர் மாளிகைப் பக்கமிருந்து வருவது கை நான்கு.
எந்தக் கையில் எத்தனை வண்டி, எவ்வளவு நேரமாக நிற்கிறது,
எண்ணிப் பார்த்துப் பச்சையைப் பங்கு வைக்கும்.
அது தடுமாறுகிற இடத்தில் கட்டம் வரைந்து
பெயர் சொல்லிக்கொடுப்பது என் வேலை.

முதல் மாதம் ஒரே சிரிப்பு.
தோவாளைப் பிச்சிப்பூ மூட்டை ஏற்றிய எக்செல்லை
லாரி என்றது.
நேந்திரன் குலை தொங்கும் சைக்கிளைக் காட்டி
இது என்ன, இது என்ன என்று
விடிய விடியக் கேட்டது.
சொன்னேன். படித்துக்கொண்டது.
பள்ளிக்கூட நேரத்தில் கை இரண்டில்
ஏழு நிமிடம் கிடந்த பஸ் மூன்றில் கடந்தது.
டிரைவர் தாணுலிங்கம் ஒருநாள்
கேமராவைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.
அதற்கு நான் கட்டம் வரையவில்லை.

பிறகு வெள்ளைக் கார்கள்.
யாரோ வருவார்கள். கீழே பெட்டியைத் திறந்து
ஏட்டு ரசாலம் சாவியைத் திருப்புவார்.
கை நான்கு மட்டும் பச்சை, மற்றதெல்லாம் சிவப்பு,
ஒன்பது நிமிடம், பதினொன்று, ஒருநாள் பதினாறு.
சாவி திரும்பினால் என் திரையில் படிவம் திறக்கும்.
காரணம்?
நிரப்பாமல் மூட விடாது.
"என்ன சார் போடணும்?"
"எதையாவது போடும்மா. மழைன்னு போடு."
வெளியே பங்குனி வெயிலில் தார் இளகிக் கிடந்தது.
மழை என்று போட்டேன்.
மறுவாரமும் மழை.
சித்திரையில் மட்டும் ஆறு மழை.
சொட்டு விழாத கோடையில்
பதினேழு முறை மழை பெய்வித்தவள் நான்.

இடவப்பாதி வந்தது.
நிஜ மழை, ஜன்னல் கண்ணாடியில் சாய்ந்து அடிக்கிறது.
வானிலை மையத்திலிருந்து அந்த ஒரு சொல்
மெஷினுக்கும் போயிருக்க வேண்டும்.
காலை எட்டு நாற்பது. சாவியை யாரும் தொடவில்லை.
கை நான்கு தானாகப் பச்சையாகிறது.

அங்கே ஒரு வண்டி இல்லை.
ஒரு நாய் குறுக்கே போகிறது, அவசரமில்லாமல்.
பச்சை வெளிச்சம் தண்ணீரில்
நீளமாகப் படுத்திருக்கிறது.
மற்ற கைகளில் ஊரே நிற்கிறது.
மணக்குடி பஸ்ஸில் சாளைச் சருவத்தோடு பெண்கள்,
பரீட்சைக்குப் போகிற நர்சிங் பிள்ளைகள்,
ரப்பர் ஷீட் டெம்போ,
ஆசாரிப்பள்ளத்துக்கு டயாலிசிஸ் போகும் ஆட்டோவிலிருந்து
நீர் கோர்த்த ஒரு கால்
வெளியே நீண்டு நனைகிறது.
ஒன்பது நிமிடம்.

மெஷின் கெட்டுப்போச்சு என்று போனில் கத்தினார்கள்.
கெடவில்லை.
மழை வந்தால் யாருக்கு வழி என்று
பதினேழு தடவை என்னிடம் படித்ததை
எழுத்துப் பிசகாமல் ஒப்பித்தது.

ரசாலம் சார் தொப்பியில் பாலிதீன் கவரோடு ஓடிவந்து
சாவியைத் திருப்பினார்,
முதல்முறையாக மற்ற மூன்று கைகளுக்காக.
படிவம் திறந்தது.
காரணம்?
இன்றைக்கு மட்டும் மழை என்று போட்டால்
அது பொய்யில்லை.
விரல் எழும்பவில்லை.

இரவு எல்லோரும் போனபின்
பழைய பக்கங்களைத் திறந்தேன்.
பங்குனி பத்தாம் நாள் வரியில் மழையை அழித்து
வெள்ளைக் கார் என்று எழுதினேன்.
"இந்தக் காரணம் பட்டியலில் இல்லை.
புதிதாகச் சேர்க்கவா?"
எவ்வளவு மரியாதையாகக் கேட்கிறது.

ஆம்.

போன் அடிக்கிறது, மேலிடத்து நம்பர்.
மழை இன்னும் விடவில்லை.
பதினொன்றாவது வரியில் இருக்கிறேன்.